விழாவுக்குப் போன சிவப்புக் கொடி

இருவரில் ஒருவருக்கு வேலை போவது உறுதியாகிவிட்டது. யாருக்கு என்பதைப் புருஷனும் பெண்டாட்டியுமே பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று கம்பெனி பெருந்தன்மையாக விட்டிருந்தது. காலையில் விசாரணை. அதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஆடி மாதச் சாயங்காலம். தண்டவாளத்தை ஒட்டிய அந்தக் குடிசைக் கேம்ப்பில் தகரக் கூரைகள் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. துவாரகா பக்கத்து அடுக்குமாடிகள் தூரத்தில் விளக்குகளைப் போட்டுக்கொண்டு, இங்கே யாரும் குடியிருக்கவில்லை என்ற பாவனையில் நின்றன. பூங்கோதை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தில்லியில் முருங்கை மரம் உண்டு, காயைத் தின்பவர்கள் உண்டு, கீரையைச் சீந்துவார் இல்லை. பூங்கா ஓரத்தில் ஒடித்து வந்தால் தோட்டக்காரன்கூடக் கேட்க மாட்டான். எருமைத் தீவனத்தை மனுஷி எடுத்துப் போகிறாளே என்று ஒரு பார்வை பார்ப்பான், அவ்வளவுதான்.

"நீயே இருந்துக்க மாமா," என்றாள் பூங்கோதை. "எனக்கு இன்னா, ஜனக்புரியில நாலு ஊட்ல பாத்திரம் தேச்சா ஆச்சு. உன்னுது சர்ட்டிபிகேட் வேல. போச்சுன்னா திரும்பிக் கெடைக்காது."

வடிவேல் கட்டிலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்ப்பது அவன் தொழில்.

"வாயத் தொறந்து சொல்லேன்யா. விசிலு குடுத்தாத்தான் சத்தம் வருமா ஒனக்கு?"

"சொல்றதுக்கு இன்னா இருக்குது?"

"நான் போறன்னு சொல்றேன். செரின்னாவது சொல்லு, வாணான்னாவது சொல்லு."

மூலையில் பள்ளிப் புத்தகத்தை விரித்திருந்த சிந்து தலையைத் தூக்கினாள். தில்லியிலேயே பிறந்த பெண். அவளுடைய தமிழ், பாதி வழியில் இந்திக்கு வண்டி மாறிவிடும். "மம்மி, பாகல் ஆயிட்டீங்களா ரெண்டு பேரும்? ட்ரெயின் நின்னுச்சு, கோயி மரா நஹீ. ஃபிர் எதுக்குப் பனிஷ்மென்ட்?"

"யாரும் சாவலங்கறதுதான்டி இப்ப பிரச்சன," என்றாள் பூங்கோதை. "செத்திருந்தா யாரு மேல குத்தம்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

வடிவேலின் வேலைக்கு 'லுக்அவுட்' என்று பெயர். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கான்ட்ராக்ட் ஆட்கள் வேலை செய்யும்போது, ரயில் வருகிறதா என்று பார்த்துச் சொல்வதற்கென்றே ஒருவன் நிற்க வேண்டும். அவன் வேறெந்த வேலையும் செய்யக் கூடாது. மண் சுமப்பவர்களுக்கு இந்த விதி கடைசிவரை விளங்கவில்லை. ஒன்றும் செய்யாதவனுக்குச் சம்பளம் கொடுப்பது ஆபீசுகளில் உள்ள வழக்கம்தான். ஆனால் ஒன்றும் செய்யாதே என்று சட்டமாகவே எழுதிவைத்திருப்பது இந்த ஒரு வேலைக்குத்தான். "ராஜா வூட்டு உத்தியோகம்டா ஒனக்கு," என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். வடிவேல் சிரிக்க மாட்டான். வளைவுக்கு முன்னால், ரயிலும் தெரிய வேண்டும் ஆட்களும் தெரிய வேண்டும் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஆரஞ்சு ஜாக்கெட்டும் ஹெல்மெட்டுமாக, கையில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடிகளோடு நிற்பான். ரயிலின் தலை தெரிந்ததும் விசில். மண் சுமப்பவர்கள் சுவரோரம் ஒதுங்குவார்கள், ஜேசிபி தன் கையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். கடைசிப் பெட்டி மறைந்ததும், "ம், போலாம்" என்பான். பொழுதன்றைக்கும் அவன் பேசுவது இந்த இரண்டு வார்த்தைதான். வீட்டிலும் அதையே பழகிவிட்டான் என்பது பூங்கோதையின் புகார்.

அந்த வேலைக்கு ஒரு ஷெட்டில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்து, தகுதிச் சான்றிதழும் கொடுத்தார்கள். வடிவேல் வாங்கிய முதல் சான்றிதழ். அதற்குக் கண்ணாடி போட்டு மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தான். வெள்ளிக்கிழமைகளில் அம்மனுக்கு வைக்கும் குங்குமம் அதற்கும் கொஞ்சம் கிடைத்துவந்தது.

பூங்கோதை அதே சைட்டில் மண் சுமந்தாள். புது ரயில்பாதைக்கு ஓரமாக வடிகால் தோண்டும் வேலை. போன வருஷம் சிந்துவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் ஆடி முழுக்கச் செவ்வாடை கட்டுகிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். பெண் பிழைத்தாள். ஆடி பிறந்தது. பூங்கோதை மாலை போட்டு, இரண்டு சிவப்புச் சேலைகளை மாற்றி மாற்றித் துவைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

ரயில்வே ஓரத்தில் வேலை செய்பவர்கள் சிவப்பும் பச்சையும் உடுத்தக் கூடாது என்று விதி. நியாயமான விதிதான், சிவப்பைப் பார்த்தால் டிரைவர் நிறுத்திவிடுவான். சூப்பர்வைசர் ரானா முதல் நாளே அவளை மறித்தான்.

"யே லால் சாடி நஹீ சலேகி."

"மன்னத் ஹை, பையா," என்று வேண்டுதலைச் சொன்னாள் பூங்கோதை. "மாதா கா."

ஹரியானாக்காரனான ரானாவின் கையில் வைஷ்ணோதேவிக் கயிறு கட்டியிருந்தது. மாதா என்றதும் யோசித்தான். சரி, மேலே ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிப் பித்தானெல்லாம் போட்டுக்கொள், முந்தானை வெளியே தெரியக் கூடாது என்று ஒரு வழி கண்டான். கடவுளுக்கும் ரயில்வேக்கும் நடுவில் இப்படியாக ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அது நன்றாகவே நடந்துகொண்டிருந்தது, பாதுகாப்பு விழா வரும்வரை.

பாதுகாப்பு இருவார விழா என்பது பாதுகாப்பைக் கொண்டாடும் விழா. ஸ்டேஷன் யார்டில் மேடை போட்டு, பெரிய அதிகாரி வந்து, எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்து, பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போக வேண்டும். இதற்கெல்லாம் சாமான்கள் வேண்டுமே. பிள்ளைகளுக்கு ஆரஞ்சு ஜாக்கெட் வேண்டும் என்று, சைட்டில் இருந்தவற்றில் அழுக்கில்லாததாகப் பார்த்துக் கழற்றி வாங்கினார்கள். மாலை போட்டவள் மேலே படுவதெல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று பூங்கோதை தன் ஜாக்கெட்டை முந்தின நாள்தான் துவைத்திருந்தாள். முதலில் போனது அதுதான். அதிகாரி ஊர்வலத்தைத் துவக்கிவைக்கப் பச்சைக்கொடி வேண்டும் என்று வடிவேலின் கொடியை வாங்கிப் போனார்கள். இரண்டும் ஒரே உறையில் இருந்ததால் சிவப்பும் கூடவே போயிற்று. பிள்ளைகளை வரிசையில் நிறுத்த விசில் வேண்டியிருந்தது. அதை ரானாவே வாயில் வைத்துக்கொண்டான். கடைசியாகப் பேனர் கட்ட உயரமான ஆள் தேவைப்பட்டது. வடிவேல் உயரம்.

"இங்க யாரு பாக்கறது, பாய்?" என்று ரானாவிடம் இந்தியில் கேட்டான் வடிவேல்.

"மெஷின் பந்த். ஆதா கண்டா, அரை மணிதான். பேனரைக் கட்டிட்டு ஓடி வந்துடு."

மெஷின் நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வடிவேல் போனான். போகிற வழியில் ஒருமுறை திரும்பியும் பார்த்தான். ஆனால் ஆட்கள் தண்டவாள ஓரத்தைவிட்டு விலகும்வரை லுக்அவுட் நகரக் கூடாது என்பது விதி. பெண்கள் அங்கேயே மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதையும் பார்த்துவிட்டுத்தான் போனான்.

அவன் ஏணியில் நின்று 'உங்கள் குடும்பம் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்ற வாசகத்தைக் கோணல் இல்லாமல் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, அதிகாரி விழா முடிந்து வடிகாலையும் பார்க்க வரலாம் என்று யாரோ சொன்னார்கள். ரானா ஜேசிபி டிரைவர் ஆல்பர்ட்டுக்குப் போன் செய்து, அந்த மண் குவியலைச் சீக்கிரம் அகற்றச் சொன்னான். ஆல்பர்ட் ஜார்க்கண்ட்காரன், சாது, சொன்னதைச் செய்பவன். சாவியைத் திருப்பினான். ஜேசிபியின் கை மண்ணை அள்ளிக்கொண்டு சுழன்றபோது அதன் முழங்கை தண்டவாளத்துக்கு மேலே போய் நின்றது.

பூங்கோதைதான் வளைவில் ரயிலைப் பார்த்தாள். தலையிலிருந்த மண் தட்டைப் போட்டுவிட்டு, "ஆல்பர்ட்டு! ஏ ஆல்பர்ட்டு! காடி! வண்டி வருது!" என்று கத்திக்கொண்டு ஜேசிபியின் முகத்துக்கு நேராக ஓடினாள். மெஷின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. மழைக் காற்றில் முந்தானை பின்னால் பறந்தது. ரயில் நெடுநேரம் கிறீச்சிட்டு, ஜேசிபியை முட்டாமல் நின்றது. ஜன்னலோரம் ஒருவர் எட்டிப் பார்த்து இது எந்த ஸ்டேஷன் என்று கேட்டார். அந்தப் பக்கம் யார்டில், ஒலிபெருக்கியில், எல்லோரும் கையை நீட்டி, விதிகளை மீற மாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பாதுகாப்பு முழுவதும் பாதுகாப்பு விழாவுக்குப் போயிருந்தது. சைட்டில் மிச்சம் இருந்தது ஒரு விதிமீறல் மட்டும்தான். அதுதான் ரயிலை நிறுத்தியது.

கீரை வெந்துகொண்டிருந்தபோது வெளியே, "வடிவேல் அண்ணா வீடு எது?" என்று குரல் கேட்டது. கம்பெனியின் பாதுகாப்பு மேலாளர் சாய்ராம், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஒரு காலைச் சேற்றிலும் ஒரு காலைச் செங்கல்லிலும் வைத்து நின்றிருந்தான். துவாரகாவில் சொசைட்டி ஃபிளாட். பூர்வீகம் தஞ்சாவூர், பிறந்தது தில்லி. தமிழ் பேசுவான், படிக்க வராது.

"உள்ள வாங்க சார். அந்தக் கல்லு ஆடும், இந்தாண்ட கால வைங்க," என்று பூங்கோதை வழி சொன்னாள். பாதுகாப்பு மேலாளர் ஆடும் கல்லிலேயே காலை வைத்து, சமாளித்து உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"அக்கா, நான் ஃபிராங்க்கா பேசிடறேன்," என்றான். "காலைல ரயில்வேலேருந்து அதிகாரி வருவார். நமக்கு ஒரு ஸ்டோரிதான் இருக்கணும். அதாவது, மெஷின் ட்ராக்குக்கு வெளிலதான் இருந்தது. லுக்அவுட் அவர் ப்ளேஸ்ல இருந்தார், விசில் அடிச்சார். எல்லாம் கரெக்டா நடந்துது. நீங்க ரெட் சாரி கட்டிண்டு ஓடினதால ட்ரைவர் கன்ஃப்யூஸ் ஆகி நிறுத்திட்டார். அவ்ளோதான். உங்களைக் கொஞ்ச நாள் வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லுவா. அண்ணாக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்படிச் சொல்லலன்னா?"

"லுக்அவுட் ப்ளேஸ்ல இல்லன்னு ஆனா, அண்ணா சர்ட்டிபிகேட் கேன்சல். வேற எந்த ரயில்வே சைட்லயும் எடுக்க மாட்டா. கம்பெனிக்கும் ப்ராப்ளம், எனக்கும் ப்ராப்ளம். அந்த விழாலதான் எனக்குப் பாதுகாப்பு அவார்டு வேற குடுத்துட்டா." அதைச் சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"ரானா பாய் கூப்புட்டாருன்னுதான அவரு போனாரு?"

"ரானா கூப்பிடலேங்கறான், அக்கா."

"பேனரு தானாவே ஏறிக் கட்டிக்கிச்சாமா?"

சிந்து களுக்கென்று சிரித்தாள். சாய்ராமும் சிரித்திருப்பான், பதவி தடுத்தது. பூங்கோதை தட்டில் சோறும் கீரையும் போட்டு நீட்டினாள். வேண்டாம் அக்கா என்றவன், வாசனை பிடித்து வாங்கிக்கொண்டான். "முருங்கைக்கீரையா! அம்மா பண்ணுவா. துவாரகால கிடைக்கவே கிடைக்காது."

"ஒங்க சொசைட்டி கேட்டாண்ட பூங்காவுலதான் சார் ஒடிக்கறேன்," என்றாள் பூங்கோதை.

அவன் தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு வந்து, "யோசிச்சு சொல்லுங்கோ, அண்ணா. நான் உங்களுக்கு எதிரி இல்ல," என்றான். அது உண்மைதான். அவன் யாருக்கும் எதிரி இல்லை. எதிரிகளைவிடச் சங்கடமான ஆட்கள் அவர்கள்.

அவன் போன பிறகு பூங்கோதை தட்டைக் கழுவினாள். "அதான் சொல்லிட்டாரே. நானே ஒத்துக்கறேன். ஒரு ஆளு வேலையாவது நிக்கும். சிந்து பரீச்ச முடியறவரைக்கும் ஓட்டணும்ல."

"ம்."

"ஆனா மாமா, ஒண்ணு மட்டும் எனக்குச் சொல்லு." அவள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள். "எம் பொடவ தப்பு பண்ணிச்சா?"

வடிவேல் படத்தைப் பார்த்தான். அம்மன் படத்தையா சான்றிதழையா என்று தெரியவில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"இல்ல, கேக்கறேன். செகப்பு கட்டக் கூடாதுன்னாங்க, தெரிஞ்சுதான் கட்டினேன். அது தப்புன்னா தப்புதான். நான் ரயில நிறுத்தலாம்னு ஓடல. அந்த ஆல்பர்ட்டுப் பையனக் கூப்புடத்தான் ஓடினேன். ஆத்தா நிறுத்துனான்னு கேம்ப்புல பேசிக்கறாளுங்க, கூட மண்ணு சொமக்கற காமாக்ஷி வந்து என் கால்ல வுழப் பாக்கறா. எனக்கு அதுவும் வாணாம். நாளைக்குத் திரும்ப விழா வெச்சா திரும்பவும் கொடிய எடுத்துக்கினு போவாங்கதான? அப்ப நானும் இருக்க மாட்டேன். அங்க மண்ணு சொமக்கற பொம்பளைங்களுக்கு வண்டிய நிறுத்த எந்தச் செகப்பு இருக்கும்?"

"படு, காலையில பாத்துக்கலாம்," என்றான் வடிவேல். அந்த வாரத்தில் அவன் பேசிய நீளமான வாக்கியம் அது.

விசாரணை சைட் ஆபீசில் நடந்தது. ஆபீஸ் என்பது ஒரு கன்டெய்னர் பெட்டி, உள்ளே ஏசி. சுவர் முழுக்கப் பாதுகாப்பு வாசகங்கள். இடமில்லாததால் ஒரு சுவரொட்டி தீயணைப்புக் கருவியை மறைத்துக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் ரயில்வே அதிகாரி, பக்கத்தில் சாய்ராம், கூரையைப் பார்த்தபடி ரானா. ரயிலை ஓட்டிவந்த மீனா, பெயர் அப்படி இருந்தாலும் ராஜஸ்தானத்து ஆண்பிள்ளை, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஆல்பர்ட் கதவோரம் நின்றான்.

அதிகாரி முதலில் பூங்கோதையிடம், சிவப்பு உடுத்தக் கூடாது என்று தெரியாதா என்று கேட்டார். சாய்ராம் அதைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொண்டையைச் செருமினான். அவன் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் அவள் இந்தியிலேயே பதில் சொல்லிவிட்டாள்.

"தெரியும் சாப். தப்புதான்."

அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஏசிகூடக் கொஞ்சம் சத்தம் குறைந்ததுபோல இருந்தது. அதிகாரி மீனாவின் பக்கம் திரும்பினார். "ஆக, சேலையைப் பார்த்துக் குழம்பி நிறுத்திவிட்டீர்கள்."

"குழம்பவில்லை சாப்," என்றார் மீனா. "நான் சேலையைப் பார்க்கவில்லை. சிவப்பைப் பார்த்தேன். சிவப்பு தெரிந்தால் என்ன துணி என்று நாங்கள் கேட்பதில்லை."

"அப்படியென்றால் காரணமில்லாமல் நின்றிருக்கிறது வண்டி."

மீனா கையைப் பிசைந்தார். "பிரேக் போட்ட பிறகுதான் மெஷினின் கை தெரிந்தது. நின்ற இடத்திலிருந்து அந்தக் கை," ஜன்னல் வழியே டீக்கடையைக் காட்டினார், "அவ்வளவு தூரம். காரணம் வேண்டுமென்றால் அங்கே இருந்தது. சேலை இல்லாமல் இருந்தாலும் நான் நின்றிருப்பேன் சாப். கொஞ்சம் தாண்டிப் போய் நின்றிருப்பேன்."

மெஷின் வெளியில்தான் இருந்தது என்பது ஒரு கோணத்தில் பார்த்தால் அப்படித் தோன்றியிருக்கலாம் என்று சாய்ராம் மெல்லச் சொன்னான். அதிகாரிக்கு அந்தக் கோணம் பிடித்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் முடிக்க வேண்டிய கோணம் அது.

"சரி. லுக்அவுட் தன் இடத்தில் இருந்தான், இல்லையா?" என்று அவர் வடிவேலைப் பார்க்காமலே கேட்டார்.

ஆம் என்று ஒரு சொல் போதும். வடிவேலுக்கு அது நன்றாகத் தெரியும். ஆம் என்றால் வேலை நிற்கும், சான்றிதழ் சுவரில் இருக்கும், பெண் பரீட்சை எழுதுவாள். ஆம் என்றால், அவன் அந்த இடத்தில் நின்றுகொண்டு, வளைவில் ரயில் வருவதையும் மெஷினின் கை குறுக்கே போவதையும் பார்த்துக்கொண்டு, ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னவனும் ஆவான்.

அவன் பூங்கோதையைப் பார்த்தான். சொல்லித் தொலையேன் என்பதுபோல அவள் கண்ணைக் காட்டினாள்.

"நஹீ, சாப்," என்றான் வடிவேல்.

அதிகாரி நிமிர்ந்தார். "என்ன நஹீ?"

"நான் என் இடத்தில் இல்லை. பேனர் கட்டப் போயிருந்தேன்." இந்தியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "கொடி மேடையில் இருந்தது. விசில் வேறு ஒருத்தர் வாயில் இருந்தது. நான் ஏணி மேல் இருந்தேன். இவள் ஜாக்கெட் எந்தப் பிள்ளை மேல் இருந்ததோ தெரியாது. அங்கே இருந்த சிவப்பு இவள் சேலை ஒன்றுதான், சாப்."

"யார் அனுப்பியது உன்னை?"

ரானா கூரையில் ஏதோ முக்கியமானதைக் கண்டுபிடித்தவன்போல இன்னும் உற்றுப் பார்த்தான்.

"யார் கூப்பிட்டாலும் போனது நான்," என்றான் வடிவேல். "பெண்கள் அங்கே மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். போயிருக்கக் கூடாது."

கதவோரத்திலிருந்து ஆல்பர்ட், யாரும் கேட்காமலே, "எனக்கும் போன் வந்தது, சாப். மண்ணை எடு என்று," என்றான். சொல்லிவிட்டுத் தன் குரலுக்குத் தானே பயந்து ஒதுங்கி நின்றான்.

சாய்ராம் எதையோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டான். நிமிர்ந்தபோது, "சார், ரானாதான் கூப்பிட்டார். கொடியை எடுத்துண்டு வரச் சொன்னது நான்," என்று ஆங்கிலமும் இந்தியும் கலந்து சொன்னான். அவனிடம் யாரும் எதிர்பார்க்காத வாக்கியம். அவனும் எதிர்பார்த்திருக்க மாட்டான்.

வெளியே வந்ததும் பூங்கோதை புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "யோவ், உனக்கு மூள இருக்குதாய்யா? நான்தான் ஒத்துக்கினேன்ல? ராத்திரி பூரா ஊமையாட்டம் கெடந்துட்டு, அங்க போயித்தான் வாயி தொறக்குமா?"

"பாத்ததச் சொல்றதுதான் எம் வேல," என்றான் வடிவேல்.

"வேலதான் பூடுச்சே!"

"அதான். போறப்பவாவது செஞ்சிட்டுப் போலாம்னு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

முடிவுகள் மெல்ல வந்தன. லுக்அவுட் வேலையிலிருந்து வடிவேல் நீக்கப்பட்டான், சான்றிதழும் ரத்து. கண்ணாடிக்குள் இருந்ததை அவர்கள் திரும்பக் கேட்கவில்லை, அது அம்மனுக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டது. ரானாவைத் தண்டனையாக வேறு சைட்டுக்கு மாற்றினார்கள், அங்கே புது ஆட்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க. சாய்ராமின் அவார்டு அவனிடமே இருந்தது, அடுத்த பதவி உயர்வு மட்டும் இல்லாமற்போயிற்று. பூங்கோதை ஆடி முடிந்த பிறகு வேறு நிறத்தில் வரலாம் என்றார்கள். ஒருவர் வேலை போதும் என்று சொன்ன கம்பெனிக்கு அந்த மாதம் இரண்டு பேருடைய வேலையும் கிடைத்தது.

அறிக்கையில் திருத்த நடவடிக்கை என்று ஒன்று எழுத வேண்டும். விழாக்களில் பயன்படுத்தத் தனியாக ஒரு ஜோடி கொடியும் விசிலும் வாங்குவது என்று எழுதினார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் வாங்கிவிட்டார்கள். சைட் கொடி அதற்குப் பிறகு சைட்டைவிட்டு நகரவில்லை. ஆல்பர்ட் ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டான். காலையில் ஏறி உட்கார்ந்ததும் வளைவின் பக்கம் பார்ப்பான், அங்கே ஆள் நின்று கொடியைத் தூக்கிக் காட்டும்வரை சாவியைத் தொட மாட்டான். யார் திட்டினாலும் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

வடிவேல் லேபர் சௌக்கில் போய் நின்றான். மூட்டை தூக்கவும் செங்கல் இறக்கவும் ஆட்களைப் பொறுக்கிக்கொண்டு போகும் இடம். சாலையோரம் லாரியிலிருந்து இறக்கும்போதெல்லாம் இவன் பாதியில் நின்று சாலையின் இரண்டு பக்கமும் பார்ப்பான். "க்யா தேக் ரஹா ஹை, மதராசி?" என்ன பார்க்கிறாய் என்று அதட்டுவார்கள். பூங்கோதை ஜனக்புரியில் பாத்திரம் தேய்க்கப் போனாள். ஒரு வீட்டம்மா, சிவப்புச் சேலை மங்களகரமாக இருக்கிறது, தினமும் இதையே கட்டிக்கொண்டு வா என்றாள். சிந்து பரீட்சை எழுதினாள். சுமாராகத்தான் எழுதினேன் என்றாள், அதற்கும் ரயில்வேதான் காரணம் என்றாள்.

ஆடிக் கடைசி வெள்ளி. கேம்ப்பின் கோடியில் உள்ள மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். பூங்கோதையும் காமாக்ஷியும் மற்றப் பெண்களும் செவ்வாடையில், தலையில் கூழ்க் குடமும் கையில் வேப்பிலைக் கொத்துமாக மேளக்காரனுக்குப் பின்னால் வரிசையாகக் கிளம்பினார்கள். தில்லியின் சாலையோரமெல்லாம் வேப்பமரங்கள். அம்மன் இங்கே வந்து குடியேறியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தண்டவாளத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவில் உள்ள ஒற்றையடிப் பாதைதான் வழி. ரயில்வே எழுதிவைத்த எந்த விதிப்படியும் அது வழியே இல்லை. வேறு வழி கிடையாது. வடிவேல் எல்லோருக்கும் பின்னால் வந்தான்.

பாதி வழியில் அவன் நின்றான். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தான். மேளக்காரன் கை அப்படியே நின்றது. பெண்கள் பழக்கம்போலச் சுவரோரம் ஒட்டிக்கொண்டார்கள். வளைவில் ரயிலின் தலை தெரிந்தது.

ஒரு வரிசை முழுக்கச் சிவப்பு. ரயிலின் வேகம் குறைந்தது. அந்த இடத்தில் வேலை நடப்பதால் எல்லா வண்டியும் மெதுவாகத்தான் போக வேண்டும் என்று உத்தரவு இருந்தது. இது எதற்காக மெதுவாகியது என்று ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். எஞ்சின் அவர்களை நெருங்கி, கேட்பதுபோல ஒருமுறை ஊதியது.

பூங்கோதை ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த வேப்பிலைக் கொத்தை உயரத் தூக்கி ஆட்டினாள்.

"போய்யா, போ. இன்னிக்கி ஒண்ணுமில்ல."

ரயில் போயிற்று. ஜன்னல்களும் முகங்களும் கடந்துபோயின, கூழின் மேல் கொஞ்சம் தூசி படிந்தது. பெண்கள் கிளம்ப ஒரு காலை எடுத்து வைத்தார்கள், வடிவேல் கையை நீட்டித் தடுத்தான். கடைசிப் பெட்டி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வந்த பக்கமும் ஒருமுறை பார்த்தான்.

"ம், போலாம்," என்றான்.